நாடு கடத்தப்பட்டவர்

காரின் பின்பக்கத்தில் கிடந்தவன் முட்டி மோதுவதை நிறுத்திவிட்டான். போர்வை போட்டு மூடியிருந்ததால் உள்ளே என்ன நிலைமை என்று சேனாபதிக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை.

ராரிட்டன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பார்க்கின் கடைசி வரை போய் நிறுத்தினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் போர்வையை உருவி, கூண்டுக் கதவைத் திறந்தார்.

"போ. இனிமே எங்க பிஸ்கட்டவே ஊர்ப் பக்கம் உன்னைப் பாத்தேன்..."

மிரட்டலை முடிப்பதற்குள் அணில் மரமேறிவிட்டது.

சேனாபதி மருந்துக் கம்பெனியில் டைரக்டர். ஏப்ரலில் தன் வீட்டில் டியூலிப் பூத்துக் குலுங்கும், அவசியம் பார்ட்டிக்கு வரவேண்டும் என்று வைஸ் பிரசிடெண்ட் வரை ஆபீஸ் முழுக்க அழைத்தாகிவிட்டது. அழைத்த பிறகுதான் ஹாலந்துக் கிழங்குகளை வரவழைத்து ஊன்றினார். ஊன்ற ஊன்ற அணில்கள் தோண்டித் தின்றன.

மிளகாய்ப் பொடி தூவினார், தொட்டுக்கொண்டு தின்றன. பிளாஸ்டிக் ஆந்தையை நிறுத்தினார். அதன் தலைமேல் உட்கார்ந்து தின்றன. கம்பிவலை போட்டார், ஓரமாக நுழைந்து தின்றன. இன்று காலைதான் பீநட் பட்டர் தடவிய கூண்டில் ஒன்று மாட்டியது.

"எந்தப் பிராப்ளமா இருந்தாலும் ரூட் காஸை, மூல காரணத்தைத் தூக்கணும் ஷ்யாமளா. தூக்கிட்டேன்" என்று வீடு திரும்பியதும் மனைவியிடம் அறிவித்தார்.

ஷ்யாமளா ஜன்னலைக் காட்டினாள். "உங்க ரூட் காஸ் அதோட சொந்தக்காரங்களை இங்கயே விட்டுட்டுப் போயிருக்குங்க."

பாத்தியில் மூன்று அணில்கள் கடைசிக் கிழங்கைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. பின்வாசல் படியில் அம்மா வைத்திருந்த அமாவாசைச் சோற்றை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பா காலமானதிலிருந்து அம்மா இவர்களோடுதான் இருக்கிறாள். மணி மூன்றாகியும் இன்று பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

"ஏண்டா, அமாவாசை தவறாம படியேறி வந்து சோத்தை எடுக்குமே ஒண்ணு, அதைக் காணோமே?"

"அதைத்தாம்மா பிடிச்சு, ஆத்துக்கு அந்தாண்ட பார்க்ல விட்டுட்டு வந்தேன். இனிமே தொந்தரவே இல்ல."

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "பாவி! என்னடா பண்ணிட்டு வந்திருக்கே? வண்டியை எடு."

"ஒரு அணிலுக்காகவா? மொதல்ல நீ சாப்பிடும்மா."

"எனக்கு எப்படிடா சோறு இறங்கும்?"

"இவ்வளவு ஜீவகாருண்யம் பிபிக்கு ஆகாது" என்று முணுமுணுத்தபடி சேனாபதி மறுபடி சாவியை எடுத்தார். சோறும் வடையும் இருந்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

பார்க்கில் ஓக் மரத்தடி முழுக்க அணில்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே புசுபுசு வால். அம்மா தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றாள். ஒன்றுகூடப் பக்கத்தில் வரவில்லை. வெயில் இறங்கியது. ஆறிப்போன சோற்றின் மேல் சருகுகள் விழுந்தன.

"விடும்மா. வேணும்னா வீட்டுல இருக்கிற அணில் எதுக்காவது போட்டுக்கலாம்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓடித் திரியும் கூட்டத்தைக் காட்டினாள்.

"இதுல உங்கப்பா யாருடா?"