பின்னால் நின்றவர்

தேவசகாயத்தின் மிரர்லெஸ் கேமராவுக்கு இரண்டு லென்சுகள்: ஒன்று எண்பத்தைந்து எம்எம், மற்றது கூட்டத்தையே ஒரே படத்தில் அடக்கும் முப்பத்தைந்து. தாலி கட்டும் நேரத்தில் அவர் கை எண்பத்தைந்தைத்தான் எடுக்கும். கண்ணை அகலத் திறந்தால், மணப்பெண்ணின் முகத்தை மட்டும் துல்லியமாக வைத்துக்கொண்டு பின்னால் இருப்பவர்களை வெண்ணெய்போல உருக்கிவிடும் அது; சுருக்கினால் அவர்களும் தெளிவாகத் தெரிவார்கள்.

"ஊரையே அடைக்க நீ இருக்கே. எனக்கு ஒரு முகம் போதும்ப்பா" என்று எண்பத்தைந்து முப்பத்தைந்தைச் சீண்டும்.

"நீ உருக்கித் தள்றவங்களுக்கும் சேத்துத்தான்டா பந்தி போடறாங்க" என்று அது சிரிக்கும்.

ஒருநாள் வசுமதி ஸ்டுடியோவுக்கு வந்தாள். "என் கல்யாணத்துல தாலி கட்டும்போது அப்பா பின்னாடிதான் நின்னாரு அண்ணா. அவர் இப்ப இல்லை. அந்தப் படம் வேணும்."

தேவசகாயம் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளினார். எல்லாவற்றிலும் அவள் இமை மயிர்கூடத் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் சந்தன நிறத்தில் ஒரு திட்டு மட்டும் இருந்தது.

அலமாரியிலிருந்த எண்பத்தைந்துக்கு அந்தக் கல்யாணக் காலை நினைவு வந்தது. துண்டால் கண்ணைத் துடைத்தபடி ஒருவர் குறுக்கே வந்துகொண்டே இருந்தார். தொல்லை என்று நினைத்து, கண்ணை முழுக்க அகலத் திறந்து அவரை உருக்கியிருந்தது. அன்று அதற்கு எவ்வளவு பெருமை!

வசுமதி அந்தத் திட்டை விரலால் தொட்டாள். "அப்பா சட்டைதான். இதையே பெரிசா போட்டுக் குடுங்கண்ணா."

அடுத்த முகூர்த்தத்திலும் தேவசகாயம் எண்பத்தைந்தைத்தான் மாட்டினார். அவர் விரல் லென்ஸின் வளையத்தைத் திருப்பும் முன்பே அது கண்ணைச் சுருக்கிக்கொண்டது. மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால், மூக்கை உறிஞ்சியபடி, ஒருவர் தெளிவாக நின்றார்.