கூலருக்குள் கிடந்த துணி

“எலிதான். ஒரு வாரமா இந்த நாத்தம் நாறுதுன்னா, உள்ள எலிதான் செத்துக் கெடக்கு.”

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜெயலட்சுமி, கோடைக்குத் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற ஏர்கூலரின் பின்பக்கத் தட்டியைக் கழற்றினாள். ஹோலி போய்விட்டால் வெயில் வந்துவிடும். டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எல்லாப் பால்கனியிலும் இப்போது கூலர் கழுவும் வேலைதான்.

உள்ளே எலி இல்லை. அடித்தொட்டியில் மழைத் தண்ணீர் பச்சையாய்த் தேங்கி நின்றது. அதில் பாதி ஊறியும் பாதி காய்ந்தும் கிழிசல் துணிகள் கிடந்தன.

குச்சியால் கிளறினாள். கறுத்துப்போன ரத்தம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேலே மொய்க்கிற ஈக்களோடு, ஒரு குவியலே இருந்தது. கழுவின பாத்திரத்தையே இன்னொரு தரம் கழுவுகிறவள் அவள். அவள் வீட்டுக்குள்ளேயே இந்தக் கண்றாவி!

ஒரு துணியின் ஓரத்தில் பச்சைக் கரை தெரிந்தது. சைக்கிள் துடைக்க வேண்டும் என்று அவள் புருஷன் ஜோதிலிங்கம் கேட்டு வாங்கின பழைய வேட்டி. அதைப் போய்க் கிழித்திருக்கிறாள் கழுதை. யார் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அவர்களுக்கு இருப்பது ஒரே பெண், அவளுக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது.

“ஏட்டி கோதை! இங்க வா.”

பூங்கோதை பால்கனிக்கு வந்தாள். குச்சி நுனியில் தொங்கினதைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது. ஜெயலட்சுமிக்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை.

“எப்பம்ட்டி ஆளான? எத்தன நாளா இந்தக் கூத்து?”

பெண் முன்னறைத் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே ஜோதிலிங்கம் பேப்பர் புரட்டுகிற சத்தமும், டெல்லித் தூசி ஒத்துக்கொள்ளாத அவருடைய இருமலும் கேட்டன. ஜெயலட்சுமி குரலைத் தணித்தாள். ஆம்பிளை காதில் விழுகிற சங்கதியா இது?

“சவத்து மூதி, பெத்தவகிட்ட சொல்ல என்னட்டி வெக்கம்? பாளையங்கோட்டை மாமனுக்குச் சொல்லி, தலைக்குத் தண்ணி ஊத்தி, புட்டு அவிச்சு, நாலு பேரக் கூட்டிச் செய்ய வேண்டியது. அதத் தகர டப்பாக்குள்ள அடைச்சு வெச்சிருக்கியே! கொடலப் புடுங்குதுட்டி. தூ!”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், நாற்றத்தை மறைக்க முடியுமா? சடங்கு செய்ய முடியாமல் போனது ஒரு வயிற்றெரிச்சல் என்றால், இந்த அழுக்குத்தனம் அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சலாக இருந்தது. இத்தனை நாள் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்ட பாடத்தை அந்த ஆத்திரத்திலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“கேட்டுக்கோ. ஒரே துணிய நாள் பூரா வெச்சிருக்கப்படாது. மாத்தினதப் பச்சத் தண்ணில அலசி, சோப்பு போட்டுக் கசக்கி, நல்ல வெயில்ல காயப்போடணும். ஈரத்தோட வெச்சா அரிச்சுப் புண்ணாப் போவும். கக்கம், தொடையிடுக்கு எல்லாம் தேச்சுக் குளிக்கணும். இந்த வயசுல வேர்வையே ஒரு தினுசா நாறும். பக்கத்துல நிக்க முடியல உன்கூட.”

“அச்சா, சரிம்மா” என்றாள் பூங்கோதை, தரையைப் பார்த்தபடி. “இனிமே ஒழுங்கா இருக்கேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லாதம்மா.”

“சொல்லாம? மாமனுக்குத் தந்தி அடிக்க நானா போஸ்டாபீஸ் போவேன்? போய் பக்கெட்ட எடுத்துட்டு வா.”

முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, துணிகளை ஒவ்வொன்றாகக் குச்சியால் பக்கெட்டுக்குள் தள்ளினாள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

தொட்டி மூலையில் ஒரு துண்டு மட்டும் தண்ணீர் படாமல் சுருண்டு கிடந்தது. அது இன்னும் சிவப்பாகவே இருந்தது.

“இது இன்னிக்கா?”

பெண் ஆமென்று தலையை ஆட்டினாள்.

“அப்பம் மத்ததெல்லாம்?”

“நேத்து... அதுக்கு முந்தி... தெனமும்தாம்மா.”

ஜெயலட்சுமியின் கையிலிருந்து குச்சி விழுந்தது. அருவருப்பு போன இடம் தெரியவில்லை. அழுக்குக் கையென்றும் பாராமல் மகளின் முகத்தைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

“தெனமுமா? இத்தன ரத்தம் போனா உடம்பு என்னத்துக்குட்டி ஆவும்? ஐயோ, நான் பாவி, இது தெரியாம உன்னப் போட்டு ஏசிட்டேனே!” மகளின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். “செருப்பப் போடு. இப்பமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். உனக்கு ஒண்ணுன்னா நான் இருக்க மாட்டேன்ட்டி.”

பூங்கோதை அசையவில்லை. முன்னறையில் இருமல் மறுபடி தொடங்கி, நிற்காமல் நீண்டது. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்குப் பீறிட்டுக்கொண்டு வந்தது. அம்மாவின் சேலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

“என்னைய இல்லம்மா, அப்பாவக் கூட்டிட்டுப் போ!”