இருபத்தேழு படி

சகாயமேரியின் வலது முழங்காலில் ஒரு தொடை எலும்பும், அதன் நுனியில் மெத்தைபோல ஒரு குருத்தெலும்பும் குடியிருந்தன. இலவச முகாமில் மெஷினை வைத்துப் பார்த்த டாக்டர், "உங்க வயசுக்கு எலும்பு ரொம்பக் கெட்டிம்மா" என்றார். அன்றிலிருந்து எலும்பைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"முழங்கால் வலிக்குதுன்னா அது என்னால இல்ல. ரிப்போர்ட்டைப் பாரு," என்றது.

"பார்த்தேன்," என்றது குருத்தெலும்பு. அது ஓரமெல்லாம் தேய்ந்து போயிருந்தது. "நீ துளிகூட வளைஞ்சு கொடுக்கிறதில்ல. மாடிப்படி இறங்கும்போது மொத்த அடியும் என் மேலதான் விழுது. இருபத்தேழு படி. ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே இறங்குறேன்."

எலும்புக்கு அன்று தூக்கம் வரவில்லை.

டாக்டர் சொன்னபடி சகாயமேரி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கத் தொடங்கினாள். மேலே சோம்பிக் கிடந்த தொடைத் தசைக்கு எழவே மனசில்லை. எலும்பு அதைக் கூப்பிட்டது.

"நீதான் கெட்டியாச்சே, நான் எதுக்கு?" என்றது தசை.

"எனக்கு அடி தாங்கத்தான் தெரியும். அடியைக் குறைக்கத் தெரியாது. நீ கொஞ்சம் வாயேன்."

தசை முனகிக்கொண்டே எழுந்தது. முதல் வாரம் வெடவெடவென்று நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது.

தேய்ந்தது தேய்ந்ததுதான், வளரவில்லை. ஆனாலும் ஒரு காலையில் சகாயமேரி கைப்பிடியைத் தொடாமல் பால் வாங்க இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் எலும்பு தயங்கித் தயங்கிக் கேட்டது.

"இன்னிக்கு எத்தனை படி?"

குருத்தெலும்பு யோசித்துப் பார்த்தது.

"எண்ண மறந்துட்டேன்," என்றது.