கோலிக்குக் கொடுக்கலாமா?

சுரைக்காயில் ஒரு துண்டைக் கிள்ளி, முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார்.

கசக்கவில்லை. கசந்திருந்தால் முழுக் காயையும் எறிந்திருக்க வேண்டும். கசக்கும் சுரைக்காய் மனிதருக்கும் ஆகாது, நாய்க்கும் ஆகாது.

தோலைச் சீவினார். விதையை வழித்தெடுத்தார். நகத்தளவு நறுக்கி, தண்ணீர் மட்டும் விட்டு அடுப்பில் வைத்தார்.

உப்பு இல்லை. எண்ணெய் இல்லை. வெங்காயமும் பூண்டும் அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அவை உடைத்துவிடும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது.

காய் நன்றாகக் குழைய வேண்டும். நாய் மெல்லாது, விழுங்கும். அதன் குடல் நீளம் குறைவு. அரைவேக்காட்டுக் காய் போனபடியே வெளியே வந்துவிடும்.

கோலி வாசற்படியில் படுத்திருந்தது. முகம் தெருவைப் பார்த்து.

கோலி அவருடைய நாய் அல்ல. மகளுடையது.

நித்திலா தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு புனேவுக்குப் போய்விட்டாள். கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அதன்பின் அவள் பேசவில்லை. அவள் போனதிலிருந்து கோலி பாக்கெட் தீனியைத் தொடவில்லை.

வீட்டுச் சாப்பாட்டைக் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள் என்றார் மருத்துவர்.

அன்றுதான் அவர் மகளுக்குப் போனில் அந்த ஒரு வரியை அனுப்பினார். ‘பரங்கிக்காய் கோலிக்குக் கொடுக்கலாமா?’

சாயங்காலம் பதில் வந்தது. ‘கொடுக்கலாம். உப்பு வேண்டாம்.’

அதில் ‘அப்பா’ இல்லை. ஆனாலும் திரும்பத் திரும்பப் படித்தார்.

ஒரு சமயத்தில் ஒரு புதுக் காய்தான் கொடுக்க வேண்டும். முதலில் ஒரு ஸ்பூன், சோற்றோடு பிசைந்து. பிறகு இரண்டு மூன்று நாள் வயிற்றைக் கவனிக்க வேண்டும். இரண்டைச் சேர்த்துக் கொடுத்து வயிறு கெட்டால், கெடுத்தது எது என்று தெரியாமல் போகும்.

இந்த விதி அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு காய்க்கு ஒரு பதில்.

கேரட். பீன்ஸ். சர்க்கரைவள்ளி. விதை நீக்கிய பப்பாளி. ஒவ்வொன்றையும் முன்பே படித்துத் தெரிந்துகொண்டுதான் கேட்டார்.

கோலியின் விலாவில் சதை பிடித்தது. ரோமம் மினுங்கியது.

சுரைக்காய்க்கும் நேற்றுப் பதில் வந்துவிட்டது.

இன்று காலை தள்ளுவண்டி முன்னால் வெகுநேரம் நின்றார்.

“ஏனுங் சார், நாய்க்குச் சீர்வரிசை வெக்கறீங்களா? வந்தா ஒரு புதுக்காய் தேடறீங்க” என்று சிரித்தாள் காய்க்காரி. “பீர்க்கங்கா பிஞ்சா வந்திருக்கு. போடட்டுங்களா?”

“அது எங்க வீட்ல வாங்கறதில்லம்மா.”

மற்றதெல்லாம் மகளிடம் கேட்டாகிவிட்டது. வெறும் பையோடு திரும்பினார்.

சுரைக்காய் வெந்தது. ஆறவைத்து, மசித்து, சோற்றோடு பிசைந்து வைத்தார். கோலி தின்றது. தட்டைச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போய் நக்கியது.

போனை எடுத்தார்.

‘திராட்சை கொடுக்கலாமா?’

வீட்டில் திராட்சை இல்லை.

திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் சாய்த்துவிடும். சில பழங்களே போதும். வேறெதையும் படிப்பதற்கு முன் அவர் படித்தது அதைத்தான்.

அனுப்பினார்.

போன் அடித்தது.

“அப்பா! குடுத்துராதீங்க! எத்தன தின்னான்?”

அந்த முதல் சொல்லிலேயே அவர் நின்றுவிட்டார்.

“அப்பா, கேக்குதா?”

“இன்னும் குடுக்கல கண்ணு.”

“நெசமா?”

“நெசமா. வாங்கவே இல்ல.”

அவள் மூச்சின் வேகம் மெல்லக் குறைவது கேட்டது. இனி வைத்துவிடுவாள் என்று காத்திருந்தார். அவள் வைக்கவில்லை.

“பப்பாளிக்கு வெத எடுத்துட்டுக் குடுக்கலாமான்னு கேட்ட ஆளு நீங்க. திராட்ச தெரியாதா உங்களுக்கு?”

அவர் அடுப்பை அணைத்தார். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

குரல் கேட்டு கோலி காதைத் தூக்கியது. எழுந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது. வால் தரையை அடித்தது. டப், டப். அந்தச் சத்தம் புனேவரை கேட்டிருக்க வேண்டும்.

“பீர்க்கங்கா இன்னும் நீங்க கேக்கலப்பா” என்றாள்.

சின்ன வயதில் ஒருநாள் அவள் தட்டோடு தள்ளிவிட்ட காய். அன்றிலிருந்து இந்த வீட்டுக்குள் அது வந்ததில்லை. அவள் போன பிறகும்.



“குடுக்கலாமா கண்ணு?”