ஆசிரியர் இல்லாத வகுப்பு

இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆசிரியர் பயிற்சி. ஐந்தாம் வகுப்பின் பின்னக் கணக்கு பாதியில் நிற்கிறது. டீச்சருக்கு வயிற்றெரிச்சல்.

"அடுத்த வாரம் பரீட்சை சார். நான் போயிட்டா பிள்ளைங்க கதி?"

"மேலிடத்து உத்தரவும்மா." தலைமையாசிரியர் கையை விரித்தார்.

வேறு வழி? டீச்சர் வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டார். "முன்னாடி வந்து நில்லு. பேசுறவங்க பேரை போர்டுல எழுதிவை."

அடித்துப்பிடித்துப் பயிற்சிக் கூடத்துக்கு ஓடினால், அங்கே ஊர்ப்பட்ட ஆசிரியர்கள். சந்தைக்கடை தோற்றது. மேடை மட்டும் காலி. அதற்கு மேல் பயிற்சியின் தலைப்பு கொட்டை எழுத்தில் தொங்கியது: 'ஆசிரியரின்றி ஒரு வகுப்பும் இருக்கலாகாது.'

வெகுநேரம் கழித்து அதிகாரி வந்தார்.

"பாடம் எடுக்கிறவர் எங்க சார்?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அவரை வேறொரு பயிற்சிக்குக் கூப்பிட்டுட்டாங்க. மேலிடத்து உத்தரவு. அவர் வர்ற வரைக்கும்..."

கூட்டத்தை நோட்டம் விட்டவர், முன்வரிசையில் வாயே திறக்காமல் பொருமிக்கொண்டிருந்த டீச்சரிடம் சாக்பீஸை நீட்டினார்.

"நீங்க முன்னாடி வந்து நில்லுங்கம்மா. பேசுறவங்க பேரை போர்டுல எழுதிவைங்க."