இன்ஜினுக்கு எதுவும் பிடிக்கவில்லை

எப்போதோ மலையேறும்போது தன் இன்ஜின் போட்ட படபடச் சத்தம் அந்தப் பழைய காரின் காதிலேயே நின்றுவிட்டது. இப்போது இன்ஜின் பட்டறை மேஜைமேல் பிரிந்து கிடந்தது. கார் வாசலில் செங்கற்கள்மேல் நின்றது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் ஒன்றுதான் பாக்கி.

முதலில் வந்ததைப் பார்த்து, "ரொம்பச் சாது, என்னை மாட்டுவண்டி ஆக்கிவிடும்" என்றது இன்ஜின். அடுத்து வந்தது பந்தயக் காருக்கானது. "ஐயோ, முரடு! சிக்னலில் நின்றால் உதறும்."

"நடுவாந்தரமாக ஒன்று வந்ததே?" என்றது கார்.

"பரவாயில்லை ரகம். இன்னும் நல்லதாக வரும்."

காருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி நொட்டை சொல்லாதேடா! நாம் போகப்போவது காய்கறிச் சந்தைக்கு. அங்கே மூன்றாவது கியர் போடவே இடமில்லை."

"உனக்கென்ன தெரியும்? நீ வெறும் தகரம்."

"தகரம்தானப்பா. மழை பிடித்தால் துரு முதலில் அரிப்பது என்னைத்தான். ஏதாவது ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து தொலையேன்!"

ஐப்பசி மழை விடாமல் பெய்தது.

தை பிறந்ததும் மனசுக்குப் பிடித்த கேம்ஷாஃப்ட் வந்தது. இன்ஜின் மேஜைமேலேயே அருமையாக ஓடியது. காரை அதற்குள் பழைய இரும்புக்காரர் மூன்று துண்டாக அறுத்து எடுத்துப் போயிருந்தார்.