வேலிக்கு அந்தப் பக்கம்

யானைக்குச் சொந்தமான மாந்தோப்பில் மயில் மூன்று நாள் விழா நடத்தி முடித்தது. எவ்வளவு குப்பை சேர்ந்தது என்று அறிக்கை கொடுத்தால்தான் அடுத்த வருஷமும் யானை இடம் தரும். அறிக்கை எழுத மயில் காகத்தை அழைத்தது.

காகம் ஒரு சுற்று பறந்துவிட்டு வந்தது. "தோப்பு பளிச்சென்று இருக்கிறது. ஆனால் எச்சில் இலையும் காகிதக் கோப்பையும் வேலிக்கு அந்தப் பக்கம், ஆற்றுப் பக்கமாக, மலையாகக் கிடக்கிறதே?"

"விழா நடந்தது வேலிக்கு இந்தப் பக்கம்தானே? இங்கே இருப்பதை மட்டும் எழுது, போதும்" என்றது மயில்.

காகத்துக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் சொன்னபடி எழுதியது: "வேலிக்கு உள்ளே சேர்ந்த குப்பை, ஒரு கூடை."

யானை படித்துப் பூரித்துப்போனது. "இவ்வளவு கூட்டத்துக்கு ஒரே கூடையா? அடுத்த வருஷம் இன்னும் பெரிதாக நடத்து. வேலியை ஆற்றங்கரைவரை தள்ளிப் போட்டுத் தருகிறேன். நாளைக் காலையில் போய் இடத்தை அளந்துவிடலாம்."

யானை போனதும் மயில் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. பிறகு, "அதையெல்லாம் அள்ள எத்தனை கூடை வேண்டியிருக்கும்?" என்று மெல்லக் கேட்டது.

"நாற்பத்திரண்டு" என்றது காகம். அதையும் அது எண்ணித்தான் வைத்திருந்தது.